நாற்பத்தொரு மாப்பிள்ளைகளை அழைத்து வந்த கார்

கையில் மணியும் கண்ணில் கனிவுமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மன்றத் தலைவர் ஜெபஸ்டின் ஐயா அவர்களே, மேடையை அலங்கரிக்கும் செயற்குழுப் பெருமக்களே, இன்றைய தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும் மரியாதைக்குரிய சங்கரன் மாமா அவர்களே, தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் பெரியோர்களே, அந்தப் பெரியோர்களைத் தட்டி எழுப்பி அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அந்தப் போனில் என் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் பொன்செல்வி. வயது பத்தொன்பது. ஆண்டாப் ஹில்லில் கார்களுக்கு ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் சுயம்புவின் மகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஏன் விட்டாய் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். பட்டறையில் ஒரு ஆள் குறைந்தது, வீட்டில் நான் இருந்தேன். அவ்வளவுதான்.

தீர்மானம் என்ன என்று தாமதமாக வந்தவர்களுக்காக வாசிக்கிறேன். "நம் மன்றத்தின் கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைத்து வரும் காரை இனி ஆண் ஓட்டுநரே ஓட்டுதல் வேண்டும். செல்வி பொன்செல்வி தமது காரின் சாவியைத் திரு. ராஜபாண்டி அவர்களிடம் ஒப்படைத்து ஒத்துழைத்தல் வேண்டும்." தமிழ் நன்றாக இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் முதல் முறையாக 'செல்வி' என்று போட்டிருக்கிறார்கள்.

தலைவர் ஐயா எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "ஒன் தரப்பச் சொல்லிரு பிள்ள, பொறவு ஓட்டெடுப்பு வச்சிருவோம்" என்றார். என் தரப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. நான் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அதன் முடிவில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரியோர்களே, இதுவரை எனக்குச் சொந்தமாக மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்திருக்கின்றன. கம்பெனிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேள்விப்பட்டால் அவர்கள் வருத்தப்படுவார்கள்.

முதல் கார் எனக்குப் பதினைந்து வயதில் வந்தது. ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது மழைத் தண்ணீரில் மூழ்கிப்போன கார். மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஏலத்தில் விட்டார்கள். அதற்குள் இன்ஜினை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா கதவுகளுக்காக அதை எடுத்தார். கதவுகளையும் கழற்றிக் கொடுத்த பிறகு, மிச்சத்தை என்னிடம் காட்டி, "இத நீ வச்சுக்க" என்றார்.

கதவு இல்லை. இன்ஜின் இல்லை. ஆனால் என்ன இல்லை அதில்? ஸ்டியரிங் இருந்தது. மூன்று பெடல் இருந்தது. இரண்டு இருக்கை இருந்தது. இருக்கையில் மீன் வாடை இருந்தது. அடித்தளத்துக்கு மீன் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பம்பாய் மழையில் எதுவும் எங்கும் வரும்.

எட்டு மாதம் அது பட்டறை வாசலில் நின்றது. மதியச் சோற்றை அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். வலது கையில் சோறு, இடது கையில் ஸ்டியரிங். மணிக்குப் பூஜ்யம் கிலோமீட்டர் வேகத்தில் அது மிகச் சிறப்பாக ஓடியது. ஒரு நாள் மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, நான் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கேட்பாரற்ற வாகனம் என்று அதில் எழுதியிருந்தது. நான் கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டினேன்.

"மே அந்தர் ஹூம்" என்றேன். நான் உள்ளே இருக்கிறேன்.

"ஹோகி. காடி தோ லாவாரிஸ் ஹை" என்றார் அவர்களில் ஒருவர். நீ இருக்கலாம், வண்டி அநாதைதான் என்று அர்த்தம். பசையை நன்றாகத் தடவிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் வண்டியும் போனது. அன்று ஒரு பாடம் கற்றேன். காரில் உட்கார்ந்திருப்பதனால் மட்டும் ஒருத்தி அந்தக் காருக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவதில்லை. காகிதம் வேண்டும்.

இரண்டாவது காருக்குக் காகிதம் இருந்தது. இன்ஜின் இருந்தது. கதவுகளும் இருந்தன. மஞ்சள் நிறம். ஒரு புரோக்கர் கொண்டுவந்து விட்டார். நான் இரண்டு நாள் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்றாம் நாள் அப்பா அதன் அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தார். கையைத் துடைத்தார்.

"ஏட்டி, இது ஒரு காரு இல்ல. ரெண்டு காரு" என்றார்.

ஒரே வாரத்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உரிமைக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா விளக்கினார். எங்கோ பின்னால் இடிபட்ட ஒரு காரின் முன்பாதியையும், வேறெங்கோ முன்னால் இடிபட்ட ஒரு காரின் பின்பாதியையும் நடுவில் வெட்டிச் சேர்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். இதை ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "முன்னால நீ செம்பூர் போயிருவ. பின்பாதி சயான்லயே நிக்கும்" என்றார். பதினோரு நாள் வைத்திருந்தேன். பிறகு உடைக்கக் கொடுத்தோம். கழுவியது வீண்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஐயா இன்னும் மணி அடிக்கவில்லை.

மூன்றாவது கார். தாய்மார்களே, இந்த மூன்றாவது கார்தான் இப்போது மண்டபத்து வாசலில் நிற்கிறது. சிவப்பு நிறம், இரண்டு இருக்கை, தரையோடு தரையாக இருக்கும். செம்பூரில் ஒரு பல் டாக்டர் தம் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கிய கார். உள்ளே இறங்குவதற்கு ஒரு முறையும், வெளியே ஏறுவதற்கு மூன்று முறையும் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கேட்டில் இடித்து இடித்துப் பதினான்கு முறை ஒடுக்கெடுக்க எங்களிடம் வந்தார். பதினான்காவது முறை, "பேபி, நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். காரணம் அது மட்டுமல்ல. அதன் துணிக் கூரை திறக்கும், மூடாது. அதற்கான மோட்டார் போய்விட்டது, புதிது எங்கும் கிடைக்கவில்லை.

கூரை மூடாத காரைப் பம்பாயில் வேறு யார் வாங்குவார்கள்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அது கார் அல்ல, தொட்டி. நான்கு மாதம் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைப்பேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அதனால் முதலில் என் அம்மா இசக்கியம்மாள் பெயரில் பதிவு செய்தோம். ஆட்டோவில் போனால்கூடக் கண்ணை மூடிக்கொள்ளும் இசக்கியம்மாள், ஓராண்டு காலம் ஆண்டாப் ஹில்லின் ஒரே ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளராக வாழ்ந்தார். அந்த ஓராண்டும் நான் இன்ஜினைப் பிரித்தேன், சேர்த்தேன், மறுபடியும் பிரித்தேன். மிஞ்சிய போல்ட்டுகள் எதனுடையவை என்று தேடினேன். பட்டறைக்குள்ளேயே ஓட்டிப் பழகினேன். எங்கள் பட்டறை முப்பது அடி நீளம். முப்பது அடிக்குள் எடுக்க வேண்டும், நகர்த்த வேண்டும், நிறுத்த வேண்டும். முன்னால் அப்பா குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். அவர் திரும்பியே பார்க்க மாட்டார். அதுதான் எனக்கு டிரைவிங் ஸ்கூல்.

பதினெட்டு முடிந்ததும் எல்.எல். என்கிற பழகுநர் உரிமம் எடுத்தேன், அடுத்த மாதமே லைசென்ஸ். காரும் என் பெயருக்கு வந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பாவை உட்கார வைத்து ஃப்ரீவே மேம்பாலத்தில் ஏறினேன். பேசத் தெரியாதவள் நான். கடையில் போய்ச் சீனி கேட்பதற்கும் மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பவள். ஆனால் அந்தப் பாலத்தின் மேல், வடாலா உப்பளத்துக்குப் பக்கத்தில், நான்காவது கியர் விழுந்தபோது, என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரிந்தது, காற்றுக்குத் தெரிந்தது. ஏழு நிமிடம். எண்பதுக்கு மேல் போகவில்லை, அதுதான் அங்கே விதி.

அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "நல்லா போவுது. மெதுவா போ."

அந்த வாக்கு பலித்துவிட்டது பெரியோர்களே. அன்றிலிருந்து இன்றுவரை மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

எப்படி? அடுத்த வாரம் எங்கள் பக்கத்து வீட்டு விஜயராணி அக்கா ஓடி வந்தார். அவர் தம்பிக்கு மறுநாள் கல்யாணம், அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. திறந்த ஜீப்புக்குச் சொல்லியிருந்தார்கள், ஜீப்புக்காரர் வரவில்லை.

"செல்வி, ஒன் காருக்குக் கூரை கெடையாதுல்லா?"

"இருக்குக்கா. மூடாது."

"அது போதும்ட்டி. வா."

போனேன். பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளையை ஏற்றும்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. ஸ்போர்ட்ஸ் காரில் பின் இருக்கை கிடையாது. மாப்பிள்ளைத் தோழனுக்கு இடமில்லை, தங்கச்சிக்கு இடமில்லை, குடை பிடிக்கிறவருக்கு இடமில்லை. இருப்பது இரண்டே இருக்கை. ஒன்றில் நான். இன்னொன்றில், பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மாலையுமாக, மாப்பிள்ளை.

நாதஸ்வரம் முன்னால் போகிறது. கார் பின்னால் போகிறது. தெருவில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நீங்கள் என்ன நினைப்பீர்கள்? முதல் திருப்பத்திலேயே ஓர் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டு வைத்து, சுற்றி வந்து எனக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். நகர முடியவில்லை, கால் க்ளட்ச்சில் இருந்தது. போட்டோக்காரர் முன்னால் வந்து, "தம்பி, பொண்ணு பக்கம் லேசா சாயுங்க" என்றார். தம்பியும் பாவம், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. சாய்ந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஊர்வலத்துக்குப் பட்டறைக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். இந்தக் காலத்துக் கல்யாணம், இருவரும் ஒரு தினுசாக உடுத்தியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த ஊர்வலத்துக்கு 'டிரைவர்' என்று இங்கிலீஷில் அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மாட்டுங்காவில் ஒரு பார்சிப் பெரியவர் அதைப் படித்துவிட்டு, டிரைவர் குடும்பத்துப் பெண்ணா என்று மகிழ்ந்து ஆசீர்வாதம் செய்தார். அவர்களில் அப்படியொரு வீட்டுப் பெயர் இருக்கிறதாம். அதோடு அட்டையைக் கழற்றிவிட்டேன்.

இந்த மன்றத்திலேயே ஒரு பெரியவர் ஒட்டு மீசை வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் கவலை வேறு. ஒவ்வொரு ஊர்வலம் முடிந்து வந்ததும் கேட்பார். "ஏட்டி, ஊருல உள்ள மாப்பிள்ளையெல்லாம் ஒன் பக்கத்துலதான் உக்காந்துட்டு வாரான். ஒனக்குன்னு ஒருத்தன் வருவானா?"

"வந்தா காரு தள்ளத் தெரியுமான்னு கேளும்மா" என்பேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

இருபது மாதம். நாற்பத்தொரு மாப்பிள்ளைகள். பிள்ளையார் கோயிலிலிருந்து நம் மண்டபம் வரை தொள்ளாயிரம் மீட்டர். அதைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். நாதஸ்வர வித்துவானின் குதிகாலுக்கும் என் பம்பருக்கும் இரண்டு அடி இடைவெளி. இருபது மாதத்தில் ஒரு குதிகாலையாவது தொட்டிருக்கிறேனா? ஒரு தவிலையாவது இடித்திருக்கிறேனா? ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகையாவது குலுக்கலில் கீழே விழுந்திருக்கிறதா? சீத்தா கேம்ப் மேளக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தலையாட்டுகிறார்கள். நன்றி அண்ணே.

இப்போது நாற்பத்தொன்றாவது மாப்பிள்ளைக்கு வருகிறேன். இதைக் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மணமகள் ஷாலினி அக்கா, நம் சங்கரன் மாமாவின் தங்கை மகள். மாப்பிள்ளை டோம்பிவிலி ஆதித்யன் அண்ணன். கல்யாண ஏற்பாடு முழுவதையும் மாமாதான் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். காருக்குப் பூ அலங்காரமும் அவர் பொறுப்பு. வழக்கமாக அலங்காரம் செய்கிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று சொல்வேன். காரின் முன்பக்கச் சல்லடையில் பூ வைக்காதீர்கள். அதன் வழியாகத்தான் ரேடியேட்டருக்குக் காற்று போகிறது. வேகமாகப் போகிற காருக்குக் காற்று தானாக வரும். மெதுவாகப் போகிற காருக்கு அந்த ஓட்டைதான் மூக்கு.

அன்று மாமா தாதரிலிருந்து சாமந்திப்பூவைக் கூடை கூடையாக இறக்கியிருந்தார். காரின் முகத்தையே காணோம். பெரிய பூத்திரை.

"மாமா, முன்னால மட்டும் கொஞ்சம் எடுத்திரலாமா" என்றேன்.

"சும்மா இரும்மா. செகப்புக் காரு, கண்ணு பட்டுரும். மூஞ்சி வெளிய தெரியக் கூடாது" என்றார்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. இதில் என் தவறு அதுதான். சபை முன் ஒப்புக்கொள்கிறேன்.

நாற்சந்தி வந்தது. நாற்சந்தியில் ஊர்வலம் நின்று, வித்துவான் தம் திறமை முழுவதையும் காட்டுவது நம் வழக்கம். அன்று அவருக்கு நல்ல மூடு. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. வித்துவானின் சுருதியும் மேலே ஏறுகிறது. அவரை நிறுத்தச் சொல்லி ஹாரன் அடிக்கலாமா? நாதஸ்வரத்துக்கு எதிராக ஹாரன் அடித்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். பன்னிரண்டாவது நிமிடம், வித்துவான் உச்சியைத் தொட்டார். காரும் உச்சியைத் தொட்டது. பூத்திரைக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகையாக ஆவி கிளம்பியது.

கூட்டம் கை தட்டியது. சங்கரன் மாமா புகை மெஷினும் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான்கு பேர் அந்தப் புகையில் ஆடவும் தொடங்கிவிட்டார்கள். வெந்த சாமந்தி வாசனை தெரு முழுவதும் வந்தது. நான் இன்ஜினை அணைத்தேன். அது சூடு ஆறாமல் மறுபடி எடுக்காது. மண்டபத்துக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நல்ல நேரத்துக்கு இருபது நிமிடம் இருந்தது.

யார் தள்ளுவது? பெண் வீட்டார் பட்டுச் சட்டையில் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்களின் கைகளில் வாத்தியம். நான் இறங்கித் தள்ளினால் ஸ்டியரிங் பிடிக்க ஆளில்லை. அப்போது ஆதித்யன் அண்ணன் மாலையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நான் தள்ளுறேன் சிஸ்டர். தினமும் டோம்பிவிலி ஃபாஸ்ட் டிரெயின்ல ஏறுறவன், தள்ளுறது எனக்குப் புதுசு இல்ல" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். யாரோ பின்னாலிருந்து, "அரே, தக்கா மாரோ" என்று கத்தினார்கள். தள்ளினார்.

அந்தக் காட்சியைத்தான் கடைசி வரிசை அண்ணன்மார்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஒரு பெண் மடியில் மாலையோடு காரில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை வியர்க்க வியர்க்கத் தள்ளுகிறார். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு" என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. இரண்டே நிமிடத்தில் அது மண்டபத்து மாடியில் அலங்காரம் செய்துகொண்டிருந்த ஷாலினி அக்காவின் போனுக்கே போய்விட்டது. தன் மாப்பிள்ளை, தன் ஊர்வலம், உள்ளே வேறொரு பெண். எந்த மணப்பெண்ணுக்குத்தான் பொறுக்கும்?

இறங்கி வந்துவிட்டார். ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தது. நேராகக் காரிடம் வந்து, காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார்.

"செல்வி, இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லக்கா. அது மாப்பிள்ளை சீட்டு."

"மாப்பிள்ளைதான் பின்னால இருக்காரே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ஆதித்யன் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "பெல்ட் போட்டுக்கோ ஷாலு" என்றார். மொத்தத் தெருவிலும் அந்த நேரத்தில் பொறுப்போடு பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

அப்படியே மண்டபத்து வாசலுக்கு வந்தோம். வாசலில் சங்கரன் மாமா, கையில் பெரிய ரோஜா மாலையோடு, காலையிலிருந்து சாப்பிடாமல், கண்ணெல்லாம் சிவந்து நிற்கிறார். காரிலிருந்து முதலில் இறங்குகிறவர் மாப்பிள்ளை. அவருக்கு மாலை போட வேண்டும். முப்பது வருடமாக நம் மண்டபத்தில் மாமா இதைத்தான் செய்து வருகிறார். கார் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டேன். ரேடியேட்டரைப் பார்ப்பதற்காக முதலில் இறங்கியது நான்.

போட்டுவிட்டார்.

மேளம் நின்றுபோனது. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பிறகு தெரு முழுவதும் சிரித்தது. அதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள், இதுவரை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். இங்கே தீர்மானத்தில், ஒழுங்கு, மரபு, பாதுகாப்பு என்று மூன்று காரணங்கள் எழுதியிருக்கிறது. நான்காவது காரணம் இதுதான், அதை யாரும் எழுதவில்லை.

மணி அடிக்கிறார்கள். இதோ முடிக்கிறேன் ஐயா. ஒரு நிமிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாண்டி அண்ணன் பட்டறைக்கு வந்து காரை ஓட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் டெம்போ ஓட்டியவர். பூனாவுக்குப் பனியிலும் மழையிலும் போய் வந்தவர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. நடக்கும் வேகத்தில் பட்டறைத் தெருவைச் சுற்றி வரச் சொன்னேன். ஆறு தடவை இன்ஜின் நின்றது.

அண்ணன் அங்கிருந்து ஏழு என்கிறார். அண்ணன் நேர்மையானவர். ஏழு தடவை. பிறகு அவரால் காரிலிருந்து எழுந்து வர முடியவில்லை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். போகும்போது அவர் என்னிடம் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "பிள்ள, வெரட்டச் சொல்லு, வெரட்டிருவேன். இப்பிடி நத்த மாதிரி போறதுக்கு என் காலு ஒத்துக்கிடாது."

பெரியோர்களே, ஸ்போர்ட்ஸ் காரை வேகமாக ஓட்ட இந்தப் பம்பாயில் எத்தனை பேர் இல்லை? வேகத்துக்கு ஒரு கால் போதும். நடக்கிற மனிதர்களுக்குப் பின்னால், ஆடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால், திடீரென்று குனிந்து சில்லறை பொறுக்குகிற தாத்தாக்களுக்குப் பின்னால், பறப்பதற்கென்று செய்த ஒரு வண்டியைப் பணிவாக நடத்திக்கொண்டு வருவதற்கு இரண்டு காலும் வேண்டும். இரண்டு கண்ணும் வேண்டும். காது வேண்டும். பொறுமை வேண்டும். அதை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. முப்பது அடிப் பட்டறையில், முதுகு காட்டி வேலை செய்த என் தகப்பனுக்குப் பின்னால் படித்தேன். அந்தப் படிப்பு ஆணுக்கா, பெண்ணுக்கா? மீசைக்கா, மூளைக்கா? வழக்கத்துக்கா, வண்டிக்கா?

சங்கரன் மாமா, உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் என் பக்கம் திரும்ப வேண்டாம், கேட்டால் போதும். தெருவே சிரித்தது உண்மை. அது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நாற்பத்தொரு முறை என்னைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாலை என் கழுத்தில் மூன்று விநாடி இருந்தது. பத்தாவது படிக்கவில்லை, பட்டம் வாங்கவில்லை, எந்த மேடையிலும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு விழுந்த முதல் மாலை அதுதான். கை தவறி விழுந்த மாலைதான். எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே கழற்றி ஆதித்யன் அண்ணனிடம் கொடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை மாமா. ஆனாலும் கொடுத்தேன். மாலையை நான் வைத்துக்கொள்ளவில்லை. சாவியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். தீர்மானம் தோற்றால், தை மாதத்துக்குச் சொல்லியிருக்கும் ஒன்பது வீட்டுக்கும் கார் வரும், நான் ஓட்டி வருவேன். தீர்மானம் வென்றால், கார் வராது. கோபம் இல்லை, சண்டை இல்லை, பேசாமல் ஆண்டாப் ஹில்லில் நிற்கும். உங்கள் மாப்பிள்ளைகள் டெம்போவில் நின்றுகொண்டு வரலாம். சாவியை யாருக்கும் தர மாட்டேன். ராஜபாண்டி அண்ணனும் வேண்டாம் என்கிறார்.

ஷாலினி அக்கா, கையை இறக்குங்கள். ஓட்டெடுப்பு இன்னும் தொடங்கவில்லை. ஆதித்யன் அண்ணே, நீங்களும். டோம்பிவிலிக்காரர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது.

இத்தனை நேரம் என் சொந்தக் கார்களின் கதையைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும், இரண்டு முறை அடிக்க வேண்டிய மணியை ஒரு முறையோடு நிறுத்திய தலைவர் ஐயாவின் கைக்கும், என் உயரத்துக்கு மைக்கை இறக்கி வைத்த அண்ணனுக்கும் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் முதலில் கை தூக்க வேண்டும் என்று ஐயா சொல்கிறார். பேசி முடித்ததும் பின்பக்க வழியாக இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். போகப் போவதில்லை. இந்த இடத்திலேயே, இந்த மைக்குக்குப் பின்னாலேயே, ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன்.

தூக்குங்கள். வணக்கம்.